ரயிலுக்கு ஒரு காவடி

குளுவாங் நிலையத்தில் ஜொகூர் பாரு போகும் புதிய மின்ரயிலுக்காகக் காத்திருந்தோம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் தன் நண்பரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இந்த ரயில் லைன் வேலை முடியவே கூடாதுன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன், மச்சான்."

"ஏன்லா?"

"வேலை ஜொகூர் பாருல. வீடு தூரம்னு சொல்லி, வாரம் பூரா கூட்டாளிங்களோட ரூம்ல இருந்தேன். வேலை முடிஞ்சா கேரம், டுரியான் பழம். கேக்க ஆளில்ல. இப்பதான் ரயிலு பறக்குதே. தினமும் வீட்டுக்கு வந்துருங்கன்னுட்டா பொண்டாட்டி."

"அலமாக்! முருகன் உன்னைக் கைவிட்டுட்டாரா?"

காப்பி வாங்கிக்கொண்டு வந்த அவருடைய மனைவி, அவருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"முருகன் என்னங்க செய்வாரு? லைன் சீக்கிரம் முடியணும்னு நானும்தான வேண்டிக்கிட்டேன்."

நண்பருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன தங்கச்சி நேர்ந்துக்கிட்ட?"

"லைன் முடிஞ்சா, தைப்பூசத்துக்கு இவரு காவடி எடுப்பாருன்னு."

கணவர் காப்பியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"அலகும் குத்தணுமா?"

"அது, நீங்க தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."