டிஸ்க்கில் ஏறாத எடைகள்

1985 அக்டோபர், பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்துக்காகத்தான் இந்த மடல்.

அன்புக்குரிய உடையப்பன் அண்ணே! சுங்காய் ரப்பர் பால் ஸ்டோரின் கம்ப்யூட்டர் பகுதித் தலைவரே! எங்களுக்கு முன்னால் வந்து, எங்களுக்குப் பின்னால் வீடு திரும்பியவரே! வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பணி ஓய்வு பெற்றுப் போகும் நீங்கள் கோப்பெங் வீட்டில் அண்ணியோடு, நோயின்றி நெடுநாள் மகிழ்ந்திருங்கள். இனி நன்றி.

கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஒவ்வொரு லோரியின் எடையும் டிஸ்க்கில் பதிந்த பிறகே திரையில் 'ஏற்கப்பட்டது' என்று வரும். அதுவரை அடுத்த லோரி வெயிலில் நிற்கும். அதில் ஏற்றிய பீப்பாய்த் தோம்புக்குள் பால் கட்டியாகும். கட்டியான பாலை ஸ்டோர் எடுக்காது.

"அண்ணே, பால் தயிராவுதுலா! உங்க மெஷினுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுக்கவா?" என்று கத்தினார், சிறுதோட்டம் வைத்திருக்கும் இருளாயி அக்கா.

அப்போதைய மானேஜர் வேகம் கேட்டார். நீங்கள் முறையை மாற்றினீர்கள். எடை கம்ப்யூட்டரின் நினைவில் ஏறியதுமே 'ஏற்கப்பட்டது' வந்துவிடும். டிஸ்க்கில் எழுதுவது பிறகு, மொத்தமாக. இடையில் மின்சாரம் போனால் அந்த எடைகளும் போய்விடும் என்று அவரிடமும் எங்களிடமும் சொன்னீர்கள். எல்லாரும் தலையாட்டினோம். வரிசை கரைந்தது. அதன் பிறகு ஒரு தோம்புகூடத் திரும்பிப் போகவில்லை.

அந்த அக்டோபர் பிற்பகலில் இடி விழுந்தது. மின்சாரம் போய்த் திரும்பியபோது, கடைசியாக வந்த லோரிகளின் எடை எங்கும் இல்லை. பாலோ தொட்டியில் கலந்துவிட்டது. கொண்டுவந்தவர்களையே கேட்டு எழுதினீர்கள்.

"கூட்டிச் சொன்னா என்னா செய்வீங்க?" என்றார் இருளாயி அக்கா.

"எழுதிக்குவேன். தொலைச்சது நாங்கதானே."

மானேஜருக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் எடைகளைத் தட்டிக்கொண்டிருந்தவர் சன்னாசி. அவரை வேலையிலிருந்து நிறுத்தக் கடிதம் தயாரானது. கூப்பிடாமலே நீங்கள் அறைக்குள் போனீர்கள். கதவைச் சாத்தவில்லை. எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

கடிதம் கிழிந்தது. சன்னாசி இன்றும் எங்களோடு இருக்கிறார். கீழே நாங்கள் வைத்திருக்கும் கையெழுத்துகளில் முதலாவது அவருடையது. அதற்கு மேல், அன்று நீங்கள் மானேஜரிடம் கேட்டதை எழுதச் சொன்னவரும் அவர்தான்:

"வேகம் வேணும்னு சொன்னப்ப நாம எல்லாரும் இருந்தோம் சார். தொலைஞ்சப்ப மட்டும் இவன் ஏன் தனியா நிக்கணும்?"