குளிரறையின் மணி

நீங்கள் கொடுத்த காப்பியில் ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது, ஐயா. ஆனாலும் கையில் வாங்கியதும் குடித்துவிட்டேன், கவனித்திருப்பீர்கள். உங்களிடம் கேட்டுப் பெற எனக்கு எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம். கோரிக்கையோடு வருகிறவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பான். "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் வாயில் வைப்பான். கரக் ஊர்க்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மான் நகருக்குப் பக்கத்தில், ஸஹாபில் இருக்கும் ஃபவ்வாஸின் இறைச்சிக் கிடங்கில் பதினாறு வருடம் கணினி வேலை எல்லாம் நான்தான் பார்த்தேன். பில் போடும் மென்பொருள், கேமரா, குளிர் அளக்கும் கருவிகள், அடிக்கடி மக்கர் பண்ணும் அச்சு இயந்திரம், எல்லாம். ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். என் வீடு இரண்டு தெரு தள்ளி. கூப்பிட்டால் வீட்டுச் செருப்போடே போய் நிற்பேன்.

ஒரு குளிர்காலத்தில் உறைவறைக் கதவின் உட்பக்கக் கைப்பிடி பனியில் இறுகி, ஃபவ்வாஸ் உள்ளே மாட்டிக்கொண்டார். சுற்றிலும் இரும்புச் சுவர், உள்ளே போன் வேலை செய்யாது. அன்று ஓர் ஓட்டுநர் தற்செயலாகக் கதவைத் திறந்ததால் பிழைத்தார். மறுநாளே கதவோரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்துக் கொடுத்தேன். உள்ளே அழுத்தினால் என் போனில் மணி அடிக்கும். கிடங்கின் சாவி ஒன்றும் என்னிடம் கொடுத்துவைத்தார். அதோ, விசாரணைக்கென்று நீங்கள் வாங்கி மேசையில் வைத்திருக்கும் கொத்தில் மஞ்சள் நூல் கட்டியிருப்பது அதுதான். அதற்குப் பின் ஒரு தொழிலாளி மாட்டிக்கொண்டபோது, கையில் ரொட்டித் துண்டோடு ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். நான் செய்த வேலைகளில் அந்த மணிதான் உருப்படியானது என்று இன்றும் நினைக்கிறேன்.

என் இடத்தில் வேறு ஆளை வைக்கப்போகிறார்கள் என்பதைக் கணக்கு எழுதும் ருதைனா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் அவள் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

"அபூ யஸன், வைஃபை பாஸ்வேர்ட் என்ன? புதுக் கம்பெனிக்காரங்க கேக்கறாங்க."

"எந்தப் புதுக் கம்பெனி?"

"ஐயோ, முதலாளி உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. யார் வேலை இது என்று யோசித்தேன். அந்தக் கம்பெனியிலிருந்து வந்திருந்த கஸ்ஸான் என்பவனைத்தான் சந்தேகப்பட்டேன். கேமராவில் தெரிவதை எல்லாம் நான் வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று அவன் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பார்த்தேன்தான். ருதைனா யாரோடு போனில் சிரிக்கிறாள், ஓட்டுநர் எத்தனை தடவை புகைக்க வெளியே போகிறான், இதையெல்லாம் கவனிக்காதவன் எப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்க முடியும்? இதைக் குற்றம் என்கிறவன் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பிறகு ஃபவ்வாஸ் கஸ்ஸானைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் வந்தார், அதை மறுக்க மாட்டேன். என் மனைவி நஜ்லா காப்பி கொண்டுவந்தாள். ஃபவ்வாஸ் கோப்பையைத் தன் முன்னால் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். கஸ்ஸான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சூப்பர் காப்பி, மாமா" என்றான். ஃபவ்வாஸ் அவனை முறைத்த முறைப்பு எனக்கே சிரிப்பு மூட்டியது.

"அபூ யஸன், எல்லா பாஸ்வேர்டும் இவன்கிட்ட குடுத்துடு. மனசுல எதையும் வச்சுக்காதே," என்றார்.

"குடிங்க அபூ தமீம். குடுத்தாச்சு," என்றேன். மகன் தமீமின் பெயரைச் சேர்த்துத்தான் அவரை எப்போதும் கூப்பிடுவேன்.

கொடுத்தேன், ஐயா. ஒன்று விடாமல் கொடுத்தேன். நான் சொல் தவறுகிறவன் இல்லை.

கிளம்பும்போது கஸ்ஸான் கேட்டான். "மாமா, ஃப்ரீஸர் ரூம்ல ஒரு செகப்பு பட்டன் இருக்கே, அதையும் எங்க பக்கம் மாத்திக் குடுத்துடுங்களேன்."

"நீதான் அப்பவே குடிச்சு முடிச்சிட்டியே தம்பி. இனிமே என்ன கேக்கறே?" என்றேன்.

ஃபவ்வாஸுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. அவன் தோளைத் தட்டி, "நல்லா வேணும் உனக்கு. விடுப்பா, மணி இவன்கிட்டயே இருக்கட்டும். நீங்க அம்மான்ல இருந்து வந்து சேர்றதுக்குள்ள நான் கட்டியா உறைஞ்சிடுவேன். இவன் ரெண்டே தெருதான், ஓடி வந்துடுவான்," என்றார்.

அவர்கள் போன பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்தேன். கணினிகள் எல்லாம் அவனுக்கு, காவல்காரன் வேலை மட்டும் எனக்கு. யாராவது மாட்டிக்கொண்டால் ஓடிவர மட்டும் அபூ யஸன் வேண்டும். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மதியத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கஸ்ஸான்தான் என்று நினைத்தேன். பழைய வயர்களை மாற்ற அவன் வெள்ளிக்கிழமைகளில்தான் வருவான், ஆள் நடமாட்டம் இருக்காது என்று. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தானே பெரிய நிபுணன் என்கிறவன் எப்படி வெளியே வருகிறான் பார்ப்போம் என்று இருந்தேன். கோபத்தில் ஒரு மனிதன் அப்படி நினைப்பது உலகத்தில் நடக்காததா?

மணி திரும்பவும் அடித்தது. போனைக் குப்புற வைத்தேன். பதறிப்போய் அடிப்பது போல இல்லை. விட்டுவிட்டு, நிதானமாக அடித்தது. ஆள் வழியில் வந்துகொண்டிருக்கிறான், கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான் என்று நம்புகிறவன் அடிப்பது போல. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் நின்றுவிட்டது. நான் எழுந்து போய் முகம் கை கால் கழுவித் தொழுதேன்.

மாலையில் ஃபவ்வாஸின் மகன் தமீம் கூப்பிட்டான். "மாமா, அப்பா இன்னும் உங்க வீட்லதான் இருக்காரா? போனே எடுக்கல."

"இங்க வரலையேப்பா," என்றேன். அது பொய் இல்லை. அதன் பிறகுதான் அவன் கிடங்குக்குப் போய் உறைவறைக் கதவைத் திறந்து அப்பாவைப் பார்த்திருக்கிறான். அவன் அழுத அழுகையைப் பற்றி ருதைனாதான் சொன்னாள். ஃபவ்வாஸ் ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அதை வைக்க அவரை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனதே நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை என் போனுக்கு வந்த அழைப்பைப் பற்றி இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறீர்கள். சரி. கூப்பிட்டது ஃபவ்வாஸ்.

"இன்னுமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? மதியம் உன் வீட்லதான் சாப்பாடு. தொழுதுட்டு அப்படியே கிடங்குக்குப் போயி, நஜ்லாவுக்கு ஒரு ஆட்டுத்தொடை எடுத்துட்டு வந்துடறேன். வெறுங்கையோட வந்தா அவ என்னை உள்ள விடுவாளா? அந்தப் பய கஸ்ஸான் இன்னிக்கு மாமியார் வீட்டு விருந்துக்குப் போறான், கிடங்குல ஒருத்தரும் இல்ல. நானே போய் எடுத்துக்கறேன்."

சும்மா யாராவது ஆட்டுத்தொடை கொண்டுவருவார்களா, நீங்களே சொல்லுங்கள். சாவியைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் காத்திருப்பார், நான் மறுபடியும் "குடிங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும். என்னைத் திரும்ப வேலைக்கு அழைக்கத்தான் புறப்பட்டார் என்று தமீம் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். இப்போது சொல்லி என்ன பயன்? போனில் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

நஜ்லா விருந்துக்கு மன்சஃப் சோறு ஆக்கிப் பெரிய தட்டில் பரப்பி வைத்திருந்தாள். தயிர்க் குழம்பை இரண்டு தடவை சூடுபண்ணினாள். ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். போன் என் முன்னால் குப்புறக் கிடந்தது, மேசை மெல்ல அதிர்ந்தது.

"யாரோ கூப்பிடறாங்களே, எடுக்க மாட்டீங்களா?"

"முக்கியம் இல்ல."

"அபூ தமீமுக்காக இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமா?"

"வேண்டாம். அவர் வர மாட்டார். தட்டை எடுத்துடு," என்றேன்.

இப்போது இன்னொரு கோப்பை ஊற்றச் சொல்லுங்கள், ஐயா. இந்தத் தடவை நான் குடிக்கப் போவதில்லை. இதோ, உங்கள் முன்னால் வைக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நஜ்லா வெளியே உட்கார்ந்திருக்கிறாள், நான் குற்றமற்றவன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனில் அந்த மணி அடிப்பது எத்தனை மணிக்கு நின்றது என்பதை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். தட்டை எத்தனை மணிக்கு எடுத்தாள் என்பது அவளுக்கு நினைவிருக்கும்.