கவிழ்த்து வைத்த சட்டி

எருமைத் தயிர் என்றால் அது காரைதீவு வேலப்போடியின் தயிர்தான், சேர். கல்முனையில் எங்கள் ஒழுங்கைக்கு இருபது வருஷமாக அவரே தயிர்காரர். வாசலில் வெறுஞ்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் தயிர் வேண்டும் என்று அர்த்தம். பெருந்தெருவில் நின்று எட்டிப் பார்ப்பார். ஒரு சட்டியும் இல்லையென்றால் உள்ளே திரும்பாமல் நேரே போய்விடுவார்.

கொஞ்சம் மெதுவாகக் கதையுங்கள். மருமகன் விறாந்தையில் இருக்கிறார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார்.

போன வருஷம், தொண்ணூற்றாறில், மகள் முனவ்வறாவைப் பேசி முடிக்க அவரும் ஆட்களும் பாலமுனையிலிருந்து வந்தார்கள். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை; இறைச்சிக்கடை பூட்டு. முந்தின நாள் வாங்கி வைத்தது கொஞ்சம் மணத்தது. மிளகாயைக் கூட்டினேன். ஊர் திரும்பியதும் ஏழு பேருக்கும் வாந்தி.

விடிந்ததும் அடுத்த வீட்டுக் கமீலா வந்தாள். அவள் காதில் ஒன்றைப் போட்டால் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கொடுக்கலாம்.

"என்ன ராத்தா, மாப்பிள வீட்டாக்களுக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"கறி சோறெல்லாம் நான் ஆக்கின. தயிர் மட்டுந்தான் வெளியால வந்த," என்றேன். இதில் பொய் எங்கே?

பகல் லுஹர் தொழுகைக்குள் ஊர் வாயில் அது நஞ்சாகிவிட்டது. மறுநாள் அந்தக் கதை பாலமுனை பஸ்ஸில் திரும்பி வரும்போது மூன்று மவுத்து, மூன்று சாவு. கமீலா பேர் விபரத்தோடு எனக்கே சொன்னாள். மவுத்தான மூவரில் ஒருவர்தான் இப்போது விறாந்தையில் பேப்பர் வாசிக்கிறார். அவர் சுகம் என்று அன்று காலையே எனக்குச் செய்தி வந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை பள்ளிவாசல் தலைவர் முனாப் ஹாஜியார் வந்தார். "தங்கச்சி, பொடியனுகள் நம்மட ஒழுங்கை அரிசி மில்லுக்குப் பின்னால தயிர்காரனுக்குப் பொல்லு தடியோட காத்து நிக்கானுகள். தயிரால இல்ல எண்டு நீ ஒரு சொல்லுச் சொன்னா, இப்பவே ஸ்பீக்கர்ல சொல்லி அடக்கிருவன்."

திரைக்குக் கீழே முனவ்வறாவின் பாதம் தெரிந்தது. பழுதான இறைச்சி போட்ட வீடு என்றால் அவளை ஆர் எடுப்பார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"எல்லாரும் தயிரச் சாப்பிட்டதானே, ஹாஜியார்." அதுவும் உண்மைதான்.

அன்று ஒழுங்கையில் ஒரு சட்டியும் இல்லை. வேலப்போடி நேரே போயிருப்பார்; பெருந்தெருவில் ஆமிக் காவல், அங்கே ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். ஆனால் வீடு போனவர் சும்மா இருப்பாரா? அதே தயிரைத்தான் தன் பிள்ளைகளும் தின்றன என்பார். பிறகு ஊர் இறைச்சியை விசாரிக்கும்.

என் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன தங்கச்சி, உன்ட சட்டி மட்டுந்தான் கிடக்கு. மத்தாக்களெல்லாம் நோன்போ?" என்று சிரித்தார் வேலப்போடி.

"எனக்கு வேணும் அண்ணன். இறக்குங்க."

இறக்கினார். நான் கதவைச் சாத்தினேன்.

பிறகு நடந்தது உங்கள் பொலிஸ் புத்தகத்தில் இருக்கிறது. அடித்துக் கொன்றது மில்லுக்குப் பின்னால் நின்ற பொடியன்கள். நான் உள்ளேதான் இருந்தேன். இன்றுவரை உள்ளேதான் இருக்கிறேன்.

அவர் இறக்கி வைத்த சட்டி உடையவில்லை. பகல் சோற்றுக்கு நானும் மகளும் வழித்துச் சாப்பிட்டோம். வேலப்போடியின் தயிரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, சேர்.