வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கிட்ட வந்து உட்காருங்க... போர்வையை இழுத்துக்குங்க. இது என் சிநேகிதியோட அண்ணிக்கு நடந்தது. நடுவுல யாரும் சிரிக்கக் கூடாது.

ராத்திரி ரெண்டே கால் மணி. ஊர்க்கோடி ரோடு. ஒரு பக்கம் மூடிப்போன ஆலை, இன்னொரு பக்கம் சாக்கடை வாய்க்கால். குரைக்க ஒரு நாய் கூடக் கிடையாது. அண்ணி ஸ்கூட்டர்ல தனியாப் போறாங்க.

அந்த ரோடு முடியற இடத்துல ஒரு காப்பகம். புள்ளத்தாச்சிப் பொண்ணுங்களுக்கு. புருஷன் அடிச்சுத் துரத்தினவ, பெத்தவங்களே கதவைச் சாத்தினவ... பிரசவம் ஆகற வரைக்கும் அங்கதான் வாசம். அண்ணி அங்க கவுன்சிலர். ஓட்டு கேக்கற கவுன்சிலர் இல்லப்பா, காது குடுக்கற கவுன்சிலர். செவ்வாய்க்கிழமை தவறாம போய், ஒவ்வொருத்திகிட்டயும் உட்கார்ந்து, மனசுல கிடக்கறதைக் கேக்கணும். அதான் வேலை.

போன் பண்ணது ராத்திரி நர்ஸ். "அக்கா, ஓடி வாங்க. வார்டனை யாரோ அடிச்சுப் போட்டிருக்காங்க. வாயாடி ரூம்ல ஒரே அலறல். திறக்கவே கை வரல."

வாயாடிங்கறது பத்தொம்பது வயசுப் பொண்ணு, எட்டு மாசம். வந்த புதுசுல பேச்சு ஓயாது, அதனால அந்தப் பேரு. பத்து நாளா அவ ஒரு வார்த்தை பேசல.

அண்ணி உள்ள நுழைஞ்சாங்க. பினாயில் வாடை... அதுக்கு அடியில, துருப்பிடிச்ச இரும்பு மாதிரி இன்னொரு வாடை. நடையில வார்டன் கிடந்தா. தாடை ஒரு பக்கமாப் பிசகி, பல்லு தரையெல்லாம் சிதறி... மூச்சு மட்டும் கொர்ர்... கொர்ர்... சுவர்ல தலை உயரத்துக்கு வரிசையா ரத்தம். யாரோ முடியைப் பிடிச்சு மோதியிருக்காங்க. ஒரு தடவை இல்ல.

நர்ஸ் ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு மூலையில ஒடுங்கி நின்னா. "வேற யாரு அக்கா பண்ணியிருப்பா? அவதான். மத்தவங்க ரூமெல்லாம் பூட்டிக் கிடக்கே. வார்டன் கடைசியாத் திறந்து போனது அவ ரூமுக்குத்தான்."

"பூட்டா? யாரு பூட்டினது?"

நர்ஸ் தலையைக் குனிஞ்சுகிட்டா. "தினமும்தான் அக்கா. எட்டு மணி அடிச்சா வார்டன் பூட்டிடுவாங்க. உங்ககிட்ட சொன்னா என் வேலை போயிடும்னு..."

அண்ணி கண்ணு நேரா நடைக் கோடியில இருந்த ஸ்டோர் ரூம் பக்கம் போச்சு.

ஏன்னா, மூணு மாசம் முன்னாடி ஒருத்தி இதையேதான் சொன்னா. தடிச்ச கண்ணாடி போட்டவ, எல்லாரும் கண்ணாடிக்காரின்னு கூப்பிடுவாங்க. "என்னை ஸ்டோர் ரூம்ல தள்ளிப் பூட்டறாங்க. மூச்சு முட்டுது. எப்படியாவது காப்பாத்துங்க"ன்னா. அண்ணி, நல்ல எண்ணத்துலதான், நேரா வார்டன்கிட்டயே போய்க் கேட்டாங்க. "அவளுக்கு மனசு சரியில்லம்மா, எல்லாம் கற்பனை"ன்னு சிரிச்சா வார்டன். அண்ணியும் அதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அடுத்த செவ்வாய் போனா... கண்ணாடிக்காரி ஓடிப்போயிட்டாளாம்.

வாயாடி ரூமும் பூட்டித்தான் இருந்தது. வார்டன் இடுப்புல இருந்த சாவிக்கொத்தை உருவி அண்ணி திறந்தாங்க. அவ கட்டில்ல கிடந்தா. ரெண்டு கையும் கிழிச்ச துணியால கம்பியோட கட்டியிருந்தது. மணிக்கட்டுத் தோல் உரிஞ்சு சதை தெரிஞ்சது. பூட்டின ரூம், கட்டின கை... இவ எப்படி எழுந்து போய் அடிச்சிருப்பா?

முடிச்சை அவுக்கும்போது வாயாடி பேசினா. பத்து நாளைக்கப்புறம். "அவ வந்திருக்கா அக்கா. உங்களைத்தான் கேக்கறா."

லைட்டு எரிஞ்சுகிட்டுதான் இருக்கு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஈரக்கால் சத்தம் மட்டும்... சளக்... சளக்... அண்ணி முதுகுக்குப் பின்னால வந்து நின்னுச்சு.

அடுத்த நொடி கொண்டையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. மல்லாக்க விழுந்தாங்க. தரதரன்னு நடை முழுக்க, வார்டனோட ரத்தத்து மேலயே, இழுத்துகிட்டுப் போச்சு. நிலைப்படியில இடிச்சு தோள்பட்டை டொக்குன்னு கழண்டுச்சு. நர்ஸ் அலறிகிட்டே ஓடி வர்றா... கிட்ட நெருங்க முடியல. கடைசியில இருந்த ஸ்டோர் ரூம் கதவுல அண்ணி தலை மோதுச்சு. ஒரு தடவை... ரெண்டு தடவை... மூணு...

"நீ சொன்னே!" அண்ணி கத்தினாங்க. வாய் நிறைய ரத்தம். "நீ சொன்னே, நான்தான் நம்பல. தப்பு என்னோடது. இப்ப சொல்லு... கேக்கறேன்."

பிடி தளர்ந்துச்சு.

கதவுக்கு உள்ளேருந்து தட்டற சத்தம். மெதுவா. டக்... டக்... டக்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. ஒத்தக் கையால இழுத்துத் திறந்தாங்க. உள்ள யாருமே இல்ல. கதவோட உள்பக்கம் பூரா நகக்கீறல். தரையில ஒரு மூலையில மட்டும்... புது சிமெண்டு.

விடிஞ்சதும் போலீஸ் வந்து உடைச்சாங்க. கண்ணாடிக்காரி எங்கயும் ஓடல, அங்கதான் இருந்தா. பக்கத்துல, துணியில சுத்தி... பச்சைக் குழந்தை. வலி வந்து கதவைத் தட்டித் தட்டி, யாரும் திறக்காம, தனியாவே பெத்திருக்கா.

வாயாடிக்கு அடுத்த மாசம் சுகப்பிரசவம். வேற இடத்துல. பழையபடி லொடலொடன்னு பேச்சு. வலி நேரம் முழுக்க அண்ணி கையைத்தான் பிடிச்சிருந்தாளாம். அண்ணி இன்னிக்கும் அந்த வேலைக்குத்தான் போறாங்க. எவ எதைச் சொன்னாலும் முதல்ல நம்பறாங்க, அப்புறம்தான் நோட்டைத் திறக்கறாங்க.

வார்டனா? சாகல. மூணாம் நாள் கண் முழிச்சா. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க, பேச்சு வராது. இன்ஸ்பெக்டர் பக்கத்துல உட்கார்ந்து கேட்டார், "உன்னை அடிச்சது அந்த வாயாடிப் பொண்ணா?"

இல்லன்னு தலையாட்டினா.

"அப்ப யாரு? ஒருத்திதானா?"

வார்டன் கொஞ்ச நேரம் கட்டில் கால்மாட்டையே பார்த்துகிட்டு இருந்தா... அப்புறம் மெல்லக் கையைத் தூக்கி, நாலு விரலைக் காட்டினா.

அன்னிக்கு மத்தியானமே போலீஸ் கடப்பாரையோட திரும்பப் போனாங்க... மத்த ரூம் தரையையும் உடைக்க.