கவர்னருக்கு ஒதுக்கிய வடகாற்று

டாக்டர் ஷவ்கத்: நீங்களே எண்ணிப் பாருங்க இன்ஜினியரம்மா. இந்த ஹால்ல எத்தனை பேரு?

நாஹித்: நாப்பது இருக்கும். ஆஸ்பத்திரி நல்லா ஓடுது, சந்தோஷப்படுங்க டாக்டர்.

டாக்டர்: அதுல இருமுறவங்க எத்தனை பேரு?

நாஹித்: ம்... அந்த மூலையில ஒருத்தர்...

டாக்டர்: அவருக்குப் பூசணி விதை தொண்டையில சிக்கிக்கிச்சு! ஸாபிரீன், நீ சொல்லும்மா.

நர்ஸ் ஸாபிரீன்: இன்னிக்கு டோக்கன் ஒன்பதுதான் டாக்டர். மத்தவங்க... சும்மா வந்தவங்க.

டாக்டர்: சும்மா! மன்ஸூரா ஊரோட மொத்த நுரையீரலுக்கும் நான் பொறுப்பு. என் ஆஸ்பத்திரியில உக்காந்து பொம்பளைங்க முலுகியாக் கீரை ஆயுறாங்க!

நர்ஸ்: எனக்கும் ஒரு கட்டு குடுத்தாங்க டாக்டர்.

நாஹித்: காத்து வருது, வெயில் உள்ள வரல, முற்றத்துல நிழல் இருக்கு. வீட்டுல அது கிடைக்காதவங்க இங்க வர்றாங்க. நெஞ்சு நோய்க்குக் காத்துதான் முதல் மருந்துன்னு திறப்பு விழாவுல நீங்கதானே முக்கால் மணி நேரம் பேசுனீங்க?

டாக்டர்: ஐம்பது நிமிஷம்.

நாஹித்: மன்னிக்கணும்.

டாக்டர்: பேச்சு வேற, நிர்வாகம் வேற. இங்க பாருங்க, உங்க பிரசவ ஆஸ்பத்திரி வரைபடம் என் மேஜையில இருக்கு. நாளைக்குக் குழு கூடுது. என் கையெழுத்து இல்லாம அது ஒரு அங்குலம் நகராது.

நாஹித்: தெரியும் டாக்டர். ரெண்டு வருஷமா வேற எதையும் வரையல நான்.

டாக்டர்: அப்ப இந்த மெத்தை நாற்காலியெல்லாம் போகட்டும். புதுசு போடுங்க. உக்காந்தா பத்தே நிமிஷத்துல முதுகு விட்டுப் போகணும். நோய் இல்லாதவன் எந்திரிச்சு ஓடணும்!

நாஹித்: நோய் இருக்கறவன்?

டாக்டர்: அவனால எப்படியும் ஓட முடியாது.

நாஹித்: ...சரி. மாத்திடலாம்.

டாக்டர்: என்ன, உடனே சரிங்கறீங்க? சண்டைக்கு வருவீங்கன்னு நாலு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன்.

நாஹித்: ஒரே ஒரு சந்தேகம். மூணாம் ரூம்ல, ஜன்னலோரக் கட்டில்... மத்தியானம் அங்க யாரு இருக்கா?

டாக்டர்: அது... கண்காணிப்புல இருக்கற கேஸ்.

நர்ஸ்: ரெண்டு மாசமா டாக்டர்.

டாக்டர்: உனக்கு வேலை ஒண்ணும் இல்லையா?

நர்ஸ்: இருக்கு டாக்டர். மூணாம் ரூமுக்குப் புதினா டீ போடணும். நாலு சக்கரை.

நாஹித்: நாலா? டாக்டருக்கும் நாலுதானே?

டாக்டர்: ஊர்ல பாதிப் பேருக்கு நாலு!

நாஹித்: அந்தக் கேஸ் விடுற குறட்டை ஹால் வரைக்கும் கேக்குதாம். சுவரை மெல்லிசா வரைஞ்சுட்டேனோன்னு எனக்கு ஒரே கவலை.

டாக்டர்: போதும்! நான்தான். மத்தியானம் ஒரு மணி நேரம்...

நர்ஸ்: ரெண்டரை.

டாக்டர்: வீட்டுல தூங்க முடியல! பின்பக்க ரூம் ரொட்டி அடுப்பு மாதிரி கொதிக்குது. அதையும் நீங்கதான் வரைஞ்சீங்க.

நாஹித்: நான் வரைஞ்சதுல வடகாத்து அடிக்கிற பெரிய ரூம் உங்களுக்கும் உங்க வீட்டம்மா மெர்வத் மேடத்துக்கும். நீங்கதான் சிவப்புப் பேனாவால அடிச்சு 'விருந்தாளிக் கூடம்'னு எழுதுனீங்க.

டாக்டர்: கவர்னர் வந்தா அவரை எங்க உக்கார வைக்கிறது?

நாஹித்: வந்தாரா?

டாக்டர்: ...ஆறு வருஷமா அவருக்கு நேரம் இல்ல.

நர்ஸ்: அதுக்குள்ள மூணு கவர்னர் மாறியாச்சு டாக்டர்.

நாஹித்: தங்கமுலாம் பூசின பதினெட்டு நாற்காலி, மேல வெள்ளைத் துணி. ஊர்க் காத்தெல்லாம் அதுங்களுக்கு. நீங்க ரெண்டு பேரும் பின்னால வேகுறீங்க. இருபது வருஷமா வீடும் ஆஸ்பத்திரியும்தான் டாக்டர் என் பொழப்பு. வீட்டுல காத்தை விருந்தாளிக்கு ஒதுக்கினவங்கதான் அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து காத்து தேடுறாங்க.

டாக்டர்: இது நல்லாருக்கே. அடுத்த பேச்சுல சேத்துக்கவா?

நாஹித்: எடுத்துக்கங்க. வீட்டை என்ன செய்யப் போறீங்க?

டாக்டர்: மாத்தணும்தான். ஆனா மெர்வத் ஒத்துக்க மாட்டா. அந்த நாற்காலின்னா அவளுக்கு உசிரு.

நாஹித்: அப்படின்னு சொன்னாங்களா?

டாக்டர்: பொண்டாட்டி மனசு புருஷனுக்குத் தெரியாதா? பாவம், அந்த வெக்கையில தனியாக் கெடக்கா. நான் இங்க வந்து தூங்குறதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.

நர்ஸ்: தனியாவா? டாக்டர், அவங்க—

நாஹித்: ஸாபிரீன்... டீ ஆறிடும்.

நர்ஸ்: இன்னும் போடவே இல்லையே... ஓ! சரி, போறேன்.

டாக்டர்: என்ன நடக்குது இங்க?

நாஹித்: ஒண்ணும் இல்ல. பிரசவ ஆஸ்பத்திரி வரைபடத்துல கையெழுத்து போட்டா நாற்காலி இன்னிக்கே வந்துடும்.

டாக்டர்: இன்னிக்கேவா? முதுகு வலிக்குமா?

நாஹித்: அதுக்கு நான் உத்தரவாதம்.

டாக்டர்: இந்தாங்க... ஒண்ணு... ரெண்டு... மூணு பிரதி. ஷவ்கத் சொன்னா சொன்னதுதான். எங்க நாற்காலி?

நர்ஸ்: டாக்டர்! வாசல்ல லாரி வந்திருக்கு. வெள்ளைத் துணி போர்த்தி என்னமோ நிறைய... டிரைவர் பக்கத்துல உங்க வீட்டம்மா!

டாக்டர்: மெர்வத்தா? அவளுக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு வழியே தெரியாதே!

நாஹித்: ரெண்டு மாசமா தினமும் வர்றாங்க டாக்டர். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க குறட்டை விட, இந்தப் பக்கம் உக்காந்து எங்கிட்ட வீட்டு வேலையைப் பேசி முடிச்சதே அவங்கதான். காலையிலயே கொத்தனாருங்க வந்தாச்சு, வடக்கு ரூம்ல உங்க கட்டிலும் போட்டாச்சு. முதுகு விட்டுப் போற நாற்காலி வேணும்னு நேத்து நீங்க வீட்டுல கத்துனீங்களாமே... "நம்மகிட்டயே பதினெட்டு இருக்கு"ன்னு லாரிக்குச் சொன்னதும் அவங்கதான்.