மூன்றாவது சீட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நம்ம ஆஸ்வின் இருக்கிறானே, அவனுடைய தாய்மாமன் அகஸ்டினுக்கு நடந்தது இது.

ராத்திரி ஒரு மணி. தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஐப்பசி மழை. மந்தைவெளியில் நாய்கூட இல்லாத தெருவில் அகஸ்டின் தனியாக நடந்துகொண்டிருந்தார். கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஒரே மகள் ஜூலியட் மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; நாலு நாளாகக் கண் திறக்கவில்லை. ஆயிரத்தில் ஒருத்தர் பிழைக்கலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இதற்கு நடுவில் கூட்டாளி கோதண்டபாணி மாரடைப்பில் போய்விட்டார். "முகத்த மட்டும் பாத்துட்டு வந்துடுங்க, நான் இருக்கேன்" என்று மனைவி ஃப்ளோரன்ஸ்தான் அனுப்பி வைத்தாள்.

சாவு வீட்டு வாசலில் சாமியானா. உள்ளே ஐஸ் கட்டி உருகிச் சொட்டும் சத்தம்... டொக்... டொக்... பிணத்தை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாதே, அதற்காகச் சீட்டு. பேட்டரி கடை இனாயத் கலைத்துப் போட்டார். மூன்று பேருமாக இருபது வருஷம் ஆடிய மூணு சீட்டு. பழக்கதோஷம்... செத்தவருக்கும் ஒரு கை போட்டுவிட்டார்.

"இன்னா வாத்யாரே, கை தானா போட்டுட்ச்சு..." என்றபடி அதைப் புரட்டினார்.

மூன்றும் ஏஸ். அதை அடிக்க வேறு கையே கிடையாது.

"ஆயுசு பூரா கேட்டுக்கினே இருந்தான். இப்ப வருது பாரு."

அகஸ்டின் சிரிக்கப் பார்த்தார். "ஐயாயிரத்து ஐந்நூத்தி இருபத்தஞ்சுல ஒரு தடவ வரும் பாய். அது இன்னைக்கு வந்திருக்கு, அவ்ளோதான். மறுபடி போடுங்க." வாத்தியார் புத்தி, சும்மா இருக்குமா?

போட்டார். செத்தவர் கைக்கு மறுபடியும் மூன்று ஏஸ். அடுத்தடுத்து வர, மூன்று கோடியில் ஒரு வாய்ப்பு. குப்பென்று மூக்குப்பொடி வாசனை... கோதண்டபாணி போடுகிற அதே பொடி. உள்ளே சொட்டும் சத்தம் நின்றுவிட்டது.

செத்தவருக்கு மட்டும்தான் இப்படி வருமா என்று பார்த்துவிட, அகஸ்டின் சீட்டுக்கட்டை வாங்கிக் கலைத்தார். "இது ஜூலியட்டுக்கு."

"வேணாம் வாத்யாரே! உசுரோட கீற கொயந்த!"

அவர் கேட்கவில்லை. நாலு நாளாக அபூர்வம் ஒன்று நடக்காதா என்று மாதாவிடம் கெஞ்சிய மனுஷன், இப்போது ஒரு குப்பைக் கைக்காக வேண்டிக்கொண்டார். முதல் சீட்டு... ஏஸ். இரண்டாவது... ஏஸ். மூன்றாவதைப் புரட்டக் கை வரவில்லை. மீதி ஐம்பதில் ஏஸ் இரண்டுதான். இருபத்தைந்தில் ஒன்று. பயப்பட இதில் ஒன்றுமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பார்க்காமலே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

ஜூலியட்டுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் கண் திறந்தாள்.

"அப்பா... கோதண்டம் மாமா நிக்கிறாரு. அந்த மூணாவது சீட்டக் கேக்குறாரு."

அகஸ்டின் இரண்டு கையாலும் பையைப் பொத்திக்கொண்டார். அறை முழுக்க மூக்குப்பொடி வாசனை.

"குடுத்துடுப்பா... ரொம்ப வலிக்குதுப்பா."

எந்தத் தகப்பன் தாங்குவான்? கவிழ்த்தபடியே அதை அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன. மூச்சும் நின்றது. அந்த விரல்களைப் பிரிக்க யாராலும் முடியவில்லை. சீட்டோடு அப்படியே பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பிய இனாயத், ஒரு சீட்டு குறைந்த கட்டு இனி எதற்கு என்று தூக்கி எறியப் போனார். என்ன தோன்றியதோ... எண்ணிப் பார்த்தார்.

ஐம்பத்திரண்டும் இருந்தன.