ஒரு மனைக்கு ஒரே வீடு

— மாடி கட்ட அனுமதி கேட்டா மூணாவது தடவையா திருப்பி அனுப்புறீங்க சார்! மொதல்ல படம் சரியில்லைன்னீங்க, மாத்தினேன். அப்புறம் காரு நிறுத்த எடம் விடுன்னீங்க. எங்கிட்ட சைக்கிள்கூடக் கெடையாது, ஆனாலும் செடியெல்லாம் வெட்டி எடம் விட்டேன். இப்ப என்ன?

— பாருங்கம்மா, படத்துல குறையில்ல. உங்க தெருவுல ஒரு மனைக்கு ஒரே வீடுதான். மாடியில தனிச் சமையலறை போட்டா அது ரெண்டாவது வீடு. விதியில இடமில்ல.

— இவன் என் கூடப்பொறந்த தம்பி. வேலைக்கு மூணு பஸ் மாறிப் போறான். பெத்த பிள்ளைங்க முழிச்சிருந்து இவன் பாத்தது எப்பவோ! என் மாடிய விட்டா இவனுக்கு வேற போக்கிடம் ஏது?

— அக்கா, மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும்! நீ வாய மூடிக்கிட்டே இருக்கறதாலதான் ஊரே உன் தலையில மிளகா அரைக்குது.

— பாருங்கம்மா, எங்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது? எட்டு வருஷம் முன்னாடி உங்க தெருக்காரங்கதான் மனு குடுத்தாங்க. மாடி வந்தா தெருவோட அமைதி கெட்டுடும்னு.

— அமைதியாம் அமைதி! யாரு அந்தப் புண்ணியவான்? சொல்லுங்க, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.

— இதோ மனு. மொதக் கையெழுத்து, பதினாலாம் நம்பர் வீடு.

— அக்கா... பதினாலு நம்ம வீடாச்சே?

— அது... பக்கத்து வீட்டுத் தையல்காரர் மாடி எழுப்ப வந்தாரே, அதுக்குக் குடுத்தது. எங்க பக்கம் வெயிலே விழாதுன்னு. அவர் ஒருத்தரைத்தானே சார் நிறுத்தச் சொன்னேன்?

— ஒருத்தருக்குன்னு விதி போட முடியுமாம்மா? தெருவுக்கே போட்டோம். அவரும் இதே நாற்காலியில உக்காந்து, மகளுக்காகத்தான்னு கெஞ்சினாரு.

— சரி, காகிதம் குடுங்க. வாபஸ்னு இப்பவே எழுதித் தரேன்.

— விதிய எடுக்கணும்னா தெருவுல இருக்கற இருபத்திரண்டு வீடும் கையெழுத்துப் போடணும். தையல்காரரும்தான்.

— போடுவாரு. கால்ல விழுந்தாவது வாங்கறேன். டேய், அந்த மனுவ என்னடா படிச்சுக்கிட்டு? கீழ வை. வைடான்னா!

— 'மாடிகள் எழும்பினால் போக்கிடம் இல்லாத குடும்பங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.' உன் கையெழுத்துதானேக்கா? எட்டு வருஷம் முன்னாடியே என்னைப் பத்தி எழுதிக் குடுத்திருக்கியே.